பட்டினிச்செடி

காலை 7.10. தாவரவியல் தோட்டம். கண்ணாடி அறையின் பூட்டு உடையவில்லை. உள்ளே, மணற்பாறைக் காட்டிலிருந்து வந்த ஒரே புதர் மொட்டுகளோடு கருகி நின்றது. காட்டிலும் இனி விரல்விட்டு எண்ணலாம். தோட்டத்தில் அதற்குப் பட்டப்பெயர் பட்டினிச்செடி.

9.30. இன்ஸ்பெக்டரம்மா வந்தார்.

"உரம் வச்சுக் கொன்னிருக்கான் மேடம்," என்றார் இயக்குநர். "சரளைக்கு அடியில பாருங்க, எலும்புத்தூள். சத்தில்லாத மண்ணுல வளர்றது, இதுக்கு அதுதான் விஷம். அது எனக்கும் தோட்டக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும்."

"அவருக்கு என்ன கோபம்?"

"போன மாசம் லீவு கேட்டான். தரல."

"சாவி?"

"அவன்கிட்ட ஒண்ணு. எங்க வீட்ல ஒண்ணு."

தோட்டக்காரரின் வேலை காலையிலேயே போய்விட்டது. மாலைக்குள் தோட்டத்தில் தங்கியிருந்த அறையையும் காலி செய்ய வேண்டும்.

"நீங்க வச்சீங்களா?"

"கோவம்னா ஐயாவைத் திட்டியிருப்பேம்மா. செடி என்ன பண்ணுச்சு?"

இன்ஸ்பெக்டர் தொட்டியருகே குந்தினார். தூள் சிட்டிகை சிட்டிகையாக, ஓரமாக இடப்பட்டிருந்தது. வேர் படாமல் மண் கிளறியிருந்தது. சாய்ந்த கிளைக்கு ஒரு குச்சி, பூப்போட்ட துணியால் கட்டு.

"இது நீங்களா?"

"ஐயா கட்டினதுன்னு நெனச்சேன்."

"நான் அவன்னு நெனச்சேன்," என்றார் இயக்குநர்.

11.00. இயக்குநரின் வீடு. அவருடைய அக்கா தேநீர் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கை அகல ரோஜாக்கள். ஒவ்வொரு தண்டும் குச்சியோடு பூப்போட்ட துணியால் கட்டப்பட்டிருந்தது.

"நல்லா வளர்க்கறீங்க."

"வேளாவேளைக்குப் போடணும்மா. வாயில்லா ஜீவன்."

இன்ஸ்பெக்டர் கோப்பையை வைத்துவிட்டு, கூட வந்திருந்த இயக்குநரிடம் திரும்பினார்.

"கொல்ல வந்தவன் முட்டுக் கொடுப்பானா சார்? வேர் நோகாம கிளறுவானா? உரம் விஷம்னு தெரிஞ்சவரைப் பிடிச்சீங்க. இது தெரியாதவங்க செஞ்சது. சாவி உங்க வீட்லயும் இருக்கு."

அக்கா உட்கார்ந்துவிட்டார்.

"பட்டினிச்செடி, பட்டினிச்செடின்னு சிரிப்பீங்க. எனக்கு மனசு கேக்கலடா. மொட்டு விட்டதும் தேறிடுச்சுன்னு நெனச்சேன்."



"கேஸ் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அங்க ஒருத்தர் மூட்டை கட்டிட்டிருக்கார்."

இயக்குநர் எழுந்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"செடிக்கு நான் பதில் சொல்றேன். அந்த மனுஷனைப் பேசின பேச்சுக்கு நீ சொல்லு."

இருவரும் செருப்பில்லாமல் இறங்கினார்கள்.

தோட்டக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டே முழுவதும் கேட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பாயை மறுபடி விரித்தார்.

"உக்காருங்கம்மா," என்றார். "ஐயா கொஞ்ச நேரம் நிக்கட்டும்."