துண்டிக்காத அழைப்பு

பேசியவனின் குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதில் என்ன அதிசயம் என்று யாரும் கேட்பார்கள். ஆனால் ஆபரேட்டரம்மாவின் காது வேறு மாதிரியான காது. இருபத்தாறு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத சின்ன டெலிபோன் அறையில், தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். பேசுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்து இது பிரசவ வார்டு, இது மருந்துக் கிடங்கு, இது படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு காதலியோடு பேசும் பயிற்சி டாக்டர் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்கு இப்போது, சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கூடத்துத் தரையில் நல்ல வெயில் விழுந்து கிடக்கும்போது, ஒன்று தட்டுப்பட்டது. அந்த மின்விசிறி மூன்று சுற்று ஒழுங்காகச் சுற்றி, நான்காவது சுற்றில் முனகியது. அவளுடைய அண்ணன் அறையில் ஓடும் மின்விசிறியும் அப்படித்தான் முனகும்.

“பணம் எங்கேயும் போகலம்மா,” என்றான் அவன், தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுகிறவன் மாதிரி. “இங்கதான் இருக்கு.”

இந்த எண்ணுக்கு அவன் கூப்பிட்டிருக்கவே முடியாது. காலையில்தான் பழைய சிம்மைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டிருந்தாள். இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அவளுக்கே எண் மனப்பாடம் ஆகவில்லை.

வியாழக்கிழமை இதே கூடத்தில்தான், போனிலேயே அவளை ஏமாற்றி மொட்டை அடித்தார்கள். அண்ணன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற எட்டாவது மாதம் மூளையில் ரத்தம் அடைத்து, வலப்பக்கம் முழுவதும் விழுந்து, வாய் கோணி, பேச்சும் போய்விட்டது. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இருவருக்கும் வேறு நாதி இல்லை. இவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். பென்ஷன் ஆபீசிலிருந்து என்று சொல்லிக்கொண்டு ஒருவன் கூப்பிட்டான். அண்ணன் உயிரோடு இருப்பதற்கு இந்த வருடத்து அத்தாட்சி வந்து சேரவில்லை, இன்றைக்குள் கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்றான். போனில் ஒரு செயலியை இறக்கச் சொன்னான். இறக்கினாள். அண்ணன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, அவர் பெயரை அவரையே சொல்லவைக்கச் சொன்னான். அவருக்குப் பேச வராது என்றாள். மூச்சுச் சத்தம் இருந்தாலும் போதும், வாய்க்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் வையுங்கள் என்றான்.

வைத்தாள். அந்த ஒரு நிமிடமும் அண்ணன் நல்ல கையால் போனைத் தள்ளிவிடப் பார்த்தார். பிடிவாதம் பிடிக்கிறார் என்று செல்லமாகத் திட்டி, அந்தக் கையை இவளே இறுகப் பிடித்துக்கொண்டாள். பணம் போனதைவிட அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மொத்தம் நாற்பத்தெட்டு நிமிடம் அந்த அழைப்பு நீண்டது. முடிந்தபோது அண்ணன் வைத்தியத்துக்கென்று கணக்கில் இருந்ததெல்லாம் துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது. உடனே சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடாமல், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் அழுதாள். முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் போகிற வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்தது என்று மறுநாள் புகார்ப் பிரிவில் சொன்னார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சந்தேகம் வந்ததும் ஏன் கட் பண்ணவில்லை?

என்னவென்று சொல்வாள்? வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவள் மண்டையில் ஏற்றிய விதி அது. கூப்பிட்டவர் வைக்கும்வரை ஆபரேட்டர் வைக்கக் கூடாது. மறுமுனையில் யாரோ உயிர் போகிற அவசரத்தில் வார்த்தை கிடைக்காமல் நிற்கலாம். இருபத்தாறு வருடத்தில் ஒரு அழைப்பைக்கூட அவள் முதலில் வைத்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். கடன் அட்டை விற்கக் கூப்பிடும் பிள்ளைகள் அவளிடம் அலுத்துப்போய்த் தாங்களே வைத்துவிடுவார்கள்.

புகாரை எழுதிக்கொண்ட பெண் போலீஸ் நல்ல மாதிரி. வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கவைத்தாள். வந்த செய்திகளை அழிக்காமல் படம் எடுத்துத் தரச் சொன்னாள், செயலியைத் தன் கையாலேயே நீக்கினாள், கடவுச்சொல்லை எல்லாம் மாற்றவைத்தாள். கிளம்பும்போது வாசல்வரை கூடவே வந்தாள்.

“பணத்தை மீட்டுத் தர்றேன்னு ஒருத்தன் கண்டிப்பா கூப்பிடுவான்மா. அவனும் அதே கூட்டம்தான். ஒரு வார்த்தை பேசாதீங்க. சிவப்புப் பட்டனை அமுக்குங்க, அவ்வளவுதான்.”

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தவள் எல்லாவற்றையும் செய்தாள், ஒன்றைத் தவிர. அண்ணனிடம் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவர் கண்ணில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை, சொன்ன நிமிடமே அணைந்துவிடும் என்று பயம். அந்த நம்பிக்கைதான் அவளுக்கு மிச்சம்.

இப்போது அந்தக் கூட்டத்து ஆள்தான் பேசுகிறான். கட்டைவிரல் சிவப்பு வட்டத்துக்கு மேலே போய் நின்றது. இறங்கவில்லை. எதிரொலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அண்ணன் அறைக் கதவு திறந்திருக்கிறது, சத்தம் இங்கிருந்து போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் எதிரொலி என்றால் அவள் குரலும் சேர்ந்து திரும்பி வர வேண்டும். அது வரவில்லை. மின்விசிறியின் முனகல் வந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க வாங்கிப் போட்ட காற்று மெத்தையின் மோட்டார் உறுமல் வந்தது. தைல வாடைகூடப் போன் வழியே வருவதுபோல் இருந்தது. அவன் அந்த அறைக்குள் நின்று பேசினால் எப்படிக் கேட்குமோ, துளி பிசகாமல் அப்படியே கேட்டது.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அண்ணன் அறைக்குப் போனாள். யாரும் இல்லை. திரைச்சீலை அசையவில்லை. மருந்துப் பாட்டில்கள் மேசையில் வைத்தது வைத்தபடி இருந்தன. அண்ணன் விழித்திருந்தார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. தலைமாட்டுக்குப் பக்கத்தில், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ஓரடி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் நிற்கிற உயரத்தில் அவர் கண் நிலைத்திருந்தது.

ஃபேன் ஸ்விட்சை அணைத்தாள். தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்தது. போனுக்குள்ளும் ஓய்ந்தது.

“ஏம்மா ஃபேனை நிறுத்திட்டீங்க?” என்றான் அவன், நிஜமான அக்கறையோடு. “அவருக்கு வேர்க்குதே.”

அண்ணன் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், தெருவில் ஒரு வண்டி பின்னால் நகரும் பீப் சத்தம் கேட்டது, உலகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த அறைக்குள் மட்டும் வெளிச்சம் ஒரு மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் விழுந்துபோன வலது கையைப் பற்றிக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது.

பேசியவன் நிறுத்திவிட்டான். இப்போது போனில் மூச்சு மட்டும் கேட்டது. ஈரமான மூச்சு, முடிவில் சின்னதாய் ஒரு விசில். இரண்டு வருடமாகப் பக்கத்து அறையில் படுத்து, நின்றுவிடுமோ என்று எண்ணி எண்ணிக் கேட்ட மூச்சு. அண்ணனுடையது. வியாழக்கிழமை பதிவு செய்ததைத்தான் ஓட்டுகிறான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் சற்றுத் தைரியம்கூட வந்தது.

அப்புறம் அண்ணனின் மார்பைக் கவனித்தாள்.

முதலில் போனில் மூச்சு இழுபடும். அதற்குப் பிறகுதான் மார்பு ஏறும். போனில் மூச்சு வெளியே வரும். பிறகுதான் மார்பு இறங்கும். ஒருமுறை போனில் மூச்சு நின்றது. மார்பும் நின்றது. அவள் எண்ணினாள். நாலு. அஞ்சு. ஆறு. அண்ணன் கண்கள் பிதுங்கின. ஏழு. போனில் மூச்சு வந்தது.

“வாலு,” என்றது போன்.

சின்ன வயதில் அண்ணன் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு திரிந்ததால் அவர் வைத்த பெயர் அது. அவரைத் தவிர வேறு ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. குரலும் அவருடையதுதான். கோணலில்லாத, கனத்த, பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்கும் குரல். அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம் போய் அழுகைதான் வந்தது. இரண்டு வருடம் ஏங்கியிருக்கிறாள் அதற்காக.

“வாலு, இங்க ஒண்ணுமே தெரியல. போனை வெச்சிடாத.”

எதிரே அண்ணன் வாய் திறக்கவே இல்லை. கண்ணீர் மட்டும் ஓரத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது.

“பாத்தீங்களாம்மா? பணமும் இருக்கு, குரலும் இருக்கு,” என்றான் முதலில் பேசியவன், மறுபடி வந்து. “போனை அவர் காதுல ஒரு நிமிஷம் வைங்க. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுறோம்.”

அவள் கை போனதே அவளுக்குத் தெரியவில்லை. பாதி தூரம் போய்விட்டது. அண்ணனின் நல்ல கைக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும் ஸ்பூன், கட்டில் கம்பியில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு. ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளும் பாஷை அவ்வளவுதான். மறுபடி இரண்டு. மறுபடி. ஸ்பூன் வளைகிற அளவுக்கு அடித்தார். போனுக்குள்ளே அதே குரல் கெஞ்சியது, வெச்சிடாத வாலு, வெச்சிடாத.

வியாழக்கிழமை அந்தக் கையைப் பிடித்து அடக்கினாள். இன்று அடக்கவில்லை.

சிவப்பு வட்டம்.

அமுக்கினாள்.

வாழ்க்கையில் முதல்முறை. போன் சட்டென்று ஊமையானது. கைப்பிடி அளவுகூட இல்லாத ஒரு கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். பின்பக்கம் கழற்றி சிம்மைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அண்ணன் மார்பு ஏறியது, இறங்கியது. தானாகவே. அவள் கட்டிலில் தலையைச் சாய்த்து, விசும்பி விசும்பி எல்லாவற்றையும் கொட்டினாள். பணம் போனதை, குளியலறையில் அழுததை, போலீசுக்குப் போனதை, அவர் கையைப் பிடித்துக்கொண்ட பாவத்தை. இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாறை நகர்ந்தாற்போல் இருந்தது.

“போனது போகட்டும்ணா. நீ இருக்கேல்ல. அது போதும் எனக்கு.”

கம்பியில் ஒரு தட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. தலையை நிமிர்த்தினாள்.

அண்ணன் வாய் நேராகியிருந்தது. இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்த வலது கன்னம் மேலே ஏறி, இடது கன்னத்துக்குச் சமமாக நின்றது. உதடுகள் அழகாகப் பிரிந்தன.

“கட் ஆனா பரவால்லம்மா,” என்றது வாய், போனில் பேசியவனின் அந்தப் பதமான, அக்கறையான குரலில். “இப்ப பக்கத்துலயேதான இருக்கேன்.”

வாய்க்கு மேலே கண்கள் அண்ணனுடையவை. அவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பயத்தை அவள் எந்தக் கண்ணிலும் பார்த்ததில்லை. ஸ்பூன் கீழே விழுந்தது. நல்ல கை மெல்ல எழுந்து, தட்டுத்தடுமாறி முகத்துக்கு வந்து, தன் வாயைத் தானே பொத்தியது. நகம் கன்னத்தில் பதிகிற மாதிரி அழுத்தியது. அந்த விரல்களுக்கு அடியில், கொஞ்சமும் அவசரமில்லாமல், வாய் பேசிக்கொண்டே இருந்தது.