தேவசகாயத்தின் இருமல்

கணவர் தேவசகாயம் இறந்த பிறகு பியூலா அவரிடம் தோற்காத நாளே இல்லை.

துறைமுகத்தை ஒட்டிய நிழலாட்டக் கூடத்தில் அவள் மேசைக்கு எதிரே ஆள் கிடையாது, குரல் மட்டும்தான். தேவசகாயம் கப்பலில் இன்ஜினியர். அங்கே ஓய்வறை மேசை பதிந்து வைத்திருந்த அவருடைய போக்கர் ஆட்டங்களையும் பேச்சையும் கோத்துச் செய்த நிழலாடி அது.

மட்டமான ஆட்டக்காரர். கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் "பாத்துருவோமே" என்று எதிராளி கட்டிய அளவு தானும் கட்டித் தோற்பார். நல்ல சீட்டு வந்தால் இருமல் வரும். நல்ல சீட்டு இருப்பதுபோல் நடிக்கும் பொய்ப் பந்தயம் மட்டும் வராது. டாக்டர் சொன்னதைக்கூட, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்படியே சொல்லிவிட்டவர்.

தோற்ற நிழலாடி, மேசையோரப் பச்சை விளக்கு எரிய, தோற்ற காரணத்தைத் திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தம்தான் பியூலாவுக்குப் பயம். திருந்திவிட்டால் அப்புறம் அவர் எங்கே? அதனால் நல்ல சீட்டையும் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவாள். ஜெயிக்கிற நிழல் எதையும் கற்காது என்று நம்பியிருந்தாள்.

இன்று கையில் இரண்டு ஒன்பது. மேசையில் விரிந்த பொதுச்சீட்டில் ஒரு ராஜா, மற்றதெல்லாம் சின்னது. அவரிடம் இன்னொரு ராஜா இருந்தால் அவள் கதை முடிந்தது. இல்லாவிட்டால் அநேகமாக அவள் கைதான் மேல். முதலில் பேசவேண்டியவளும் அவள்தான். அவர் போக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வழியில்லை. இப்படி ஒரு நடுத்தரக் கையோடு வேறொரு மட்டமான ஆட்டக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தால் சின்னதாக ஒரு பந்தயம் கட்டியிருப்பாள். இரண்டு ஆறை வைத்துக்கொண்டும் கொட்டிக் கொடுப்பார்கள்.

இவரிடம் ஜெயிக்கக் கூடாதே. விரலால் மேசையைத் தட்டினாள். பந்தயம் இல்லை.

"ஏட்டி, பயந்துட்டியா?"

"பயமென்ன? நீங்க ஆடுங்க."

அவருடைய பந்தய வில்லைகள் நகர்ந்தன. மொத்தக் குவியலும்.

அவர் இப்படிக் கட்டியதே இல்லை. அப்படியானால் ராஜா இருக்கத்தான் வேண்டும். சீட்டைக் கவிழ்க்கக் கை போனது.

"கவுத்துரு. எங்கிட்ட ராஜா இருக்கு."

கை நின்றது. இருமல் எங்கே?

"பாத்துருவோமே," என்றாள். அவர் வார்த்தை அவள் வாயில் வந்தது.

சீட்டுகள் திரும்பின. ஒரு ஜாக்கி, ஒரு மூன்று. ஒன்றுக்கும் ஆகாத கை.

"பொய் சொல்லுதியளா? இத எங்க படிச்சிய?"

"ஒங்கிட்டதான்ட்டி. ஜெயிக்கிற சீட்ட வச்சிக்கிட்டே எத்தன நாளு தோத்துக் காட்டுன!" சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. "சரி, எப்படிக் கண்டுபிடிச்ச?"

"இருமல் வரலையே..." சொல்லிமுடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேசையோரத்தில் பச்சை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

அடுத்த சீட்டுகள் விழுந்தன. நிழலாடி இருமியது. அச்சாக அவர் இருமுவதைப் போலவே.