படம் எடுக்கலாமா?

செவ்வாய்க் குடியிருப்பில் தன் முகத்தைப் படமாகப் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொருவரின் கண்ணை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். குழந்தைக்குக் காது குத்தும்போதே கருவிழிக்குள் ஒரு விழிப்பதிவியையும் பொருத்திவிடுவது அங்கே வழக்கம். கண்ணைச் சிமிட்டினால் எதிரே இருப்பது படமாகிவிடும். எல்லாம் சரி, சொந்த மூஞ்சியை எப்படி எடுப்பது? கண்ணாடி முன் நின்று சிமிட்டினால் ஊர் சிரிக்கும். புகைப்படக்காரர்கள் பிழைத்தது அதனால்தான்.

சிற்றரசு அப்படிப் பிழைத்தவன். ஓவியக் கூடத்தில் அவனுக்கு வேலை. பூமியிலிருந்து வந்த ஒரே அசல் ஓவியம், ஆற்றில் மழை பெய்யும் காட்சி, அங்கேதான் இருந்தது. மழையையே அறியாத சனங்கள் வரிசையில் வந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, இவனிடம் பல்லைக் காட்டுவார்கள். இவன் சிமிட்டுவான். வருடக்கணக்கில் சிமிட்டித் தொழிலே கசந்துவிட்டது. விட்டுத் தொலைக்கலாம் என்றிருந்தான். அதற்கு முன் ஒரே ஒரு நாள், வாடிக்கையாளர் தொல்லை இல்லாமல், அந்த மழையை ஆற அமரப் பார்த்துவிட வேண்டும். மனசு மாறினாலும் மாறலாம் அல்லவா?

விடுப்பு போட்டுவிட்டு, கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தான். சட்டம் மட்டும் தொங்கியது. உள்ளே வெறும் சுவர்.

"ஐயோ! படத்த எவனோ திருடிட்டான்!"

காவல் இயந்திரம், விழிப்பதிவி பொருத்திய தன் ஒற்றைக் கண்ணோடு, பதறாமல் உருண்டு வந்தது. "திருட்டு இல்லை ஐயா. நான்தான் எடுத்தேன்."

"நீயா? எதுக்கு?"

"தாங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று, 'இங்க படம் எடுக்கலாமா?' என்று கேட்டீர்கள். அலுவலகத்தில் விசாரித்தேன். 'தாராளமா எடுக்கலாம்' என்றார்கள். எடுத்துக் கிடங்கில் வைத்துவிட்டேன்."

"அடப்பாவி! இத்தன வருசமா? ஒருத்தர்கூடவா கேக்கல?"

"இல்லை ஐயா. போன வாரம் கூடத்தின் இயக்குநரே குடும்பத்தோடு இங்கு நின்றார். தாங்கள்தான் சிமிட்டினீர்கள்."

மற்றவர்களாவது முதுகைக் காட்டி நின்றவர்கள். இவன் நேருக்கு நேர் பார்த்து நின்றவன்! முகத்தைத் துலக்கிப் பின்னால் இருப்பதை மங்கலாக்குவது விழிப்பதிவியின் குணம். போகப் போக அது இவனுடைய குணமும் ஆகிவிட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது.

"கூட்டிட்டுப் போ. நான் அத இப்பவே பாக்கணும்."

கிடங்கில் இயந்திரம் துணியை விலக்கியது. ஆறு முழுக்க மழை. நடுவில் ஒரு தோணிக்காரன் சொட்டச் சொட்ட நனைந்தபடி, துடுப்பை மடியில் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். யாருக்காகவும் அல்லாத சிரிப்பு. அப்படி ஒரு முகத்தைச் சிற்றரசு இதுவரை எடுத்ததில்லை. கண்கள் நிறைந்து வழிந்தன. தொழிலை விடுவதாவது! இனிமேல்தான் தொழிலே தொடங்கப்போகிறது. இந்தக் கணத்தை நழுவவிடக் கூடாது என்று மனம் பரபரத்தது.

சட்டென்று ஓவியத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். கன்னத்தைத் துடைக்கப் போன கையை இறக்கிக்கொண்டு, தலைமுடியை மட்டும் கோதிவிட்டுக்கொண்டான்.

"எங்க, சீக்கிரம் ஒண்ணு சிமிட்டு. நான் அழறது நல்லா தெரியணும்."