பாடைக்குத் தடையில்லை

2026 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. காலை மணி ஒன்பது நாற்பது. ரிச்சர்ட்சன், டெக்சஸ். மைனஸ் எட்டு டிகிரி செல்சியஸ், விடாத உறைமழை.

டிடெக்டிவ் எழிலரசியின் செல்போன் அலறியது.

"மேடம்... நான் மதன். சேனாபதி மாமா போயிட்டாரு!"

எழிலரசி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

முந்தைய நாள் மாலைதான் பேராசிரியர் சேனாபதி அவளை அழைத்திருந்தார். 'உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. ஃபோன்ல வேண்டாம். நாளைக்கு நேர்ல வரேன்.'

இனி வர மாட்டார்.

"எப்படி மதன்?"

"தூக்கத்துலயே... ஹார்ட்! டாக்டர் வீடியோ கால்ல பாத்து கன்ஃபர்ம் பண்ணிட்டாரு. கரெண்ட் இல்லாம இங்க கிரிமடோரியம் ஓடல. பக்கத்து கவுன்ட்டியில பன்னெண்டு மணிக்கு ஸ்லாட். உங்க பெர்மிட் இல்லாம வேன் நகராது மேடம்!"

நகராதுதான். பனிப்புயலுக்காகப் பிறப்பிக்கப்பட்ட அவசர ஆணையின்படி, அனுமதிச் சீட்டில்லாத எந்த வாகனமும் கவுன்ட்டி என்னும் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. ஜெனரேட்டர், ஹீட்டர், மருந்து ஆகியவை எந்தச் சீட்டோடும் தாண்டக் கூடாது. சீட்டில் கையெழுத்திடும் பொறுப்பு எழிலரசிக்கு. வண்டியை நேரில் பார்த்த பிறகே கையெழுத்து என்பது விதி.

பனி மூடிய சாலையில் ரோந்து காரை ஆமை வேகத்தில் ஓட்டினான் ஆபேல். இங்கேயே பிறந்த இளம் போலீஸ்காரன். தமிழ் புரியும், பேச வராது.

"ஹூ வாஸ் ஹி, மேம்?"

"ஹிஸ்டரி ப்ரொஃபஸர். செகண்ட் வேர்ல்டு வார் டைம்ல வெள்ளைக்காரன் நம்ம ஊர்ல போட்ட எமர்ஜென்சி ரூல்ஸ்தான் அவர் ஸ்பெஷாலிட்டி. அரிசி மூட்டை ஜில்லா தாண்டணுமா, பெர்மிட். மனுஷன் தாண்டணுமா, ஆயிரம் கேள்வி."

"சவுண்ட்ஸ் லைக் டுடே!"

"பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்துல பேசினார். 'ஒரு ஊர்ல அரிசிய எதுல கடத்தினாங்க தெரியுமா? பாடையில! செக்போஸ்ட்ல எல்லா வண்டியையும் குடைவான்... பாடையை மட்டும் தொப்பியைக் கழட்டி அனுப்பிடுவான்'னார். ஹாலே சிரிச்சுது."

அன்று முன்வரிசையில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் மதன்.

அது இப்போது ஏன் நினைவுக்கு வர வேண்டும்...?

கதவைத் திறந்தவள் நாகமணி. சேனாபதியின் மனைவி, மதனின் அக்கா.

"வாம்மா எழில், வா. படியெல்லாம் ஐஸு... பாத்து வா."

கண்கள் சிவந்திருந்தன. வீட்டுக்குள் வெளிச்சமில்லை, வெப்பமுமில்லை.

காரேஜில் கறுப்பு வேன். அதனுள் நீளமான மரப்பெட்டி. மூடியைத் திருகாணிகள் இறுகப் பிடித்திருந்தன.

"அதுக்குள்ள மூடிட்டீங்களா, மதன்?"

"அக்கா பாத்துப் பாத்து அழறா மேடம். தாங்கல." மதன் கடிகாரத்தைப் பார்த்தான். "ரோடு இருக்கிற இருப்புக்கு இப்பவே கிளம்பணும். ஸ்லாட் போச்சுன்னா அடுத்த வாரம்தான்!"

மருத்துவரின் சான்று சரியாக இருந்தது. எழிலரசி அனுமதிச் சீட்டைப் பேனட்டின் மேல் வைத்து அழுத்தினாள்.

பேனா எழுதவில்லை!

"சே... மை உறைஞ்சிடுச்சு. கார்ல வேற பேனா இருக்கு."

மதன் பற்களைக் கடித்தான்.

"அதனால என்ன... போயிட்டு வாம்மா," என்றாள் நாகமணி.

எழிலரசி இரண்டடி நடந்தாள்.

நின்றாள்.

மெதுவாகத் திரும்பினாள்.

"ஆபேல்! ஸ்க்ரூ டிரைவர் கொண்டா. பெட்டியைத் திற."

"மேடம்! என்ன விளையாட்டு இது? துக்க வீடு!"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இது துக்க வீடா? நாகமணி அக்கா... உள்ள வரும்போது வான்னீங்க. வெளிய போகும்போது போயிட்டு வான்னீங்க. சாவு வீட்டுல நம்ம சனம் ரெண்டையும் சொல்லாது. ஒரு தடவைன்னா வாய் தவறிடுச்சுன்னு விட்டிருப்பேன். ரெண்டு தடவை தவறுமா?"

நாகமணி தம்பியைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுல யாரும் சாகல. அப்ப பெட்டில என்ன மதன்? ஜெனரேட்டரா? மருந்தா? மாமா சொன்ன கதைய நீங்க ரொம்ப ரசிச்சீங்க இல்ல?"



கடைசித் திருகாணி உருண்டது. மூடி விலகியது.

உள்ளே...

பேராசிரியர் சேனாபதி!

மெழுகு நிற முகம். மூடிய கண்கள். நெற்றியில் திருநீறு.

"திருப்தியா மேடம்?" மதனின் குரல் கிரீச்சிட்டது. "செத்தவரைக்கூட விட மாட்டீங்களா? உங்க மேல கம்ப்ளெய்ண்ட் பண்ணப் போறேன்!"

எழிலரசியின் காதுகள் சூடேறின. "சாரி மதன்... நான்..."

"மேம்! லுக்!"

ஆபேலின் விரல் பிணத்தின் மூக்கைச் சுட்டியது.

அங்கே மெல்லிய வெண்புகை ஒன்று எழுந்தது... கலைந்தது... மீண்டும் எழுந்தது!

அந்தக் காரேஜில் நின்ற நான்கு பேரின் மூச்சும் அப்படித்தான் புகைந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது மூச்சு அது!

மதன் ஓடினான். காரேஜ் வாசலின் பனிக்கட்டி அவனை மூன்றடிக்கு மேல் அனுமதிக்கவில்லை. விழுந்தவன் முதுகில் ஆபேலின் முழங்கால் ஏறியது.

நாகமணி அப்படியே தரையில் சரிந்தாள்.

"புயல்ல வீடு விட்டவங்க தங்கற ஷெல்ட்டருக்கு வந்த ஜெனரேட்டரை எல்லாம் தம்பி எல்லை தாண்டி வித்துட்டிருந்தான். உங்கிட்ட சொல்லியே தீருவேன்னு இவர் நின்னாரு. எனக்கு இருக்கிறது ஒரே தம்பிம்மா... தூக்க மாத்திரைய நான்தான் பால்ல கலந்தேன். வீடியோவுல மூச்சு தெரியாதுன்னான்..."

"பன்னெண்டு மணிக்கு உயிரோட நெருப்புல வைக்க இருந்தீங்க!"

"அவன் சொல்லல... நான் கேக்கல..."

அந்தப் பதிலைவிட உறைமழை குளிர் குறைவாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அவசர ஆணையில் அதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக்சிஜன் முகமூடிக்குள் சேனாபதியின் இமைகள் ஒருமுறை துடித்தன.

"பிழைச்சுக்குவார்," என்றாள் மருத்துவ உதவியாளர்.

எழிலரசி காரிலிருந்து வேறு பேனாவை எடுத்து வந்தாள். அனுமதிச் சீட்டில் 'மறுக்கப்பட்டது' என்ற கட்டத்தை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில், 'பிரேதம் மூச்சு விடுகிறது' என்று எழுதினாள். கையெழுத்திட்டாள்.

விலங்கு பூட்டிய மதனின் கைகளில் சீட்டைச் செருகினாள்.

"முப்பது நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம் மதன். சாட்சி சொல்ல மாமாவே வருவார்... அவருக்குப் பெர்மிட் நான் தரேன்!"