நாலாவது குப்பி

"ஐயோ... பிணம்!"

மாரீனா போட்ட அலறலில் ரீஹாமின் மடியிலிருந்த கொஷரி சோற்றுத் தட்டு ஆடியது.

"யாருடி?"

"மருந்துக்கடைக்காரர்! வாயெல்லாம் நுரை... கண்ணு திறந்தபடியே இருக்கு!"

"நாடி பாத்தியா?"

"லேப்டாப்புக்குள்ள கையை விட்டா பாக்கறது?"

எகிப்தின் மன்ஸூரா நகரம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கொஷரி கடைக்கு மேல் மாடியில் ஒரு ட்யூஷன் சென்டர். உள்ளே மூன்று பெண்கள். ரீஹாம், மாரீனா, ஹாகர்.

ஆன்லைன் கெமிஸ்ட்ரி புதிர்ப் போட்டியின் கடைசிச் சுற்று! ஐந்து புதிர்களில் நாலு முடிந்துவிட்டது. ஐந்தாவதில்தான் பிணம். பக்கத்து அலமாரியில் பெயர் ஒட்டாத ஐந்து குப்பிகள். ஒன்றில் விஷம்! எத்தனையாவது குப்பி?

"ஹாகர், தீயில காட்டு."

ஹாகர் மவுஸை அழுத்தினாள். குப்பிக்கு ஒரு நிறத்தில் சுவாலை எழுந்தது. சிவப்பு... பச்சை... மஞ்சள்... ஊதா!

"ஊதான்னா பொட்டாசியம்!" மாரீனா துள்ளினாள். "பொட்டாசியம் சயனைடுடி!"

"அப்ப நாலாவது குப்பி. மூணு பேரும் நாலுன்னு போடுங்க."

போட்டார்கள். ஒருவருக்கொருவர் உதவலாம் என்று போட்டி விதியே சொல்கிறது. முதல் பரிசு மருத்துவக் கல்லூரிப் படிப்புச் செலவு முழுவதும். ரீஹாமின் அப்பா டாக்ஸி ஓட்டுபவர். அந்தப் பரிசு இல்லையென்றால் டாக்டர் கனவை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

நாலே முக்கால்.

தட்! தட்! தட்!

கதவைத் திறந்தால்... போலீஸ்!

வந்தவர் மேஜர் லுத்ஃபி. இணையக் குற்றப் பிரிவு. மீசை மட்டும் தனியாக ஒரு கான்ஸ்டபிள் மாதிரி இருந்தது.

"யாரும் அசையக்கூடாது! காலைல போட்டி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள எவனோ பூந்து விடைகளைத் திருடிட்டான். தடம் இந்த சென்டர் வை-ஃபைல வந்து நிக்குது!"

ரீஹாம் மாரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ் கேஸ் என்றால் பரிசு மட்டுமா போகும்? எந்தக் கல்லூரி வாசலும் திறக்காது!

"பாஷா! நான் அப்பவே நினைச்சேன்!"

மேஜரை 'பாஷா' என்று மரியாதையாகக் கூப்பிட்டபடி உள்ளறையிலிருந்து பாய்ந்து வந்தார் மிஸ்டர் வஜீஹ். சென்டரின் சொந்தக்காரர். 'கெமிஸ்ட்ரி சக்ரவர்த்தி' என்று ஊரெல்லாம் போஸ்டர். ஒரு பாலத் தூண் பாக்கி கிடையாது. தலையில் கிரீடத்தோடு சிரிப்பார். எதிர்த் தெருவில் 'கெமிஸ்ட்ரி டைனோசர்' என்று இன்னொருவர் முளைத்ததிலிருந்து சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

"இதுங்கதான் பாஷா! காலைலேருந்து குசுகுசுன்னு பேச்சு. பிணம்ங்குது... சயனைடுங்குது..."

"அது கேள்வி மிஸ்டர்!" என்றாள் ஹாகர் அழாக்குறையாக.

மேஜர் தாளைப் புரட்டினார். "மூணு பேரும் நாலுன்னே போட்டிருக்கீங்க. எப்படி? ம்?"

"சேர்ந்து போட்டோம் பாஷா. அதுக்கு விதில அனுமதி இருக்கு."

"சரியான விடையா அது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

மேஜரின் மீசை தொங்கியது. "அஞ்சு மணி வரைக்கும் போட்டி ஆபீஸ்காரன் போலீசுக்கே சொல்ல மாட்டானாம். ரகசியமாம்!"

ரீஹாம் துணிந்து சொன்னாள். "இதைத் திருடாமலே கண்டுபிடிக்க முடியுமான்னு மிஸ்டரையே கேளுங்க. சக்ரவர்த்திக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா?"

அவ்வளவுதான். வஜீஹின் முதுகு நிமிர்ந்தது. புகழ்ந்தால் போதும், மனிதருக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது.

லேப்டாப்பை இழுத்தார். சுவாலைகளைப் பார்த்தார். விரலால் எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு! நாலாவது குப்பி! இது கழுதைக்குக்கூடத் தெரியுமே!"

மேஜர் துள்ளினார். "அப்ப இவங்க விடை சரி! சரின்னா திருட்டு விடை! கிளம்புங்கம்மா ஸ்டேஷனுக்கு!"

காப்பாற்ற நினைத்துக் கேட்டது கழுத்துக்கே சுருக்காகிவிட்டது. மாரீனா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஹாகர் ஓவென்று அழுதாள்.

டிங்!

ஐந்து மணி! மேஜரின் போனில் சரியான விடைகளும் மதிப்பெண் பட்டியலும்.

படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"விடை... ரெண்டாவது குப்பி!"

"என்னது?" நாலு வாய்கள் ஒரே நேரத்தில் பிளந்தன.

ரீஹாம் திரையை வெறித்தாள். ஊதா சுவாலை... வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் நாலு. இடப்பக்கத்திலிருந்து எண்ணினால்...

"அடக் கடவுளே! படம் வெளிநாட்டுக்காரன் போட்டது! அவன் இடது பக்கத்துலேருந்து எண்ணியிருக்கான். நாம அரபி படிச்சு வளர்ந்தவங்க, வலது பக்கத்துலேருந்துதானே எண்ணுவோம்!"

"அதாவது..." மேஜர் தலையைச் சொறிந்தார். "உங்க விடை தப்பு. தப்புன்னா நீங்க திருடலை. சரிதானே?"

"சரிதான் பாஷா!"

"ஆனா இந்த வை-ஃபைலேருந்து நாலாவதா ஒரு ஆள் விடை அனுப்பியிருக்கான். அஞ்சும் சரி. ரெண்டுன்னு போட்டிருக்கான். இதோ போன் நம்பர்."

அழுத்தினார்.

ட்ரிங்... ட்ரிங்...

சத்தம் வஜீஹின் சட்டைப் பையிலிருந்து வந்தது!

"பொய்ப் பேர்ல நான்தான் கலந்துக்கிட்டேன்!" வஜீஹுக்கு வியர்த்துக் கொட்டியது. "'நாட்டிலேயே முதலிடம் எங்கள் மாணவன்'னு போஸ்டர் போடணும்ல? அந்த டைனோசர் தொல்லை தாங்கலை பாஷா! ஆனா விடையெல்லாம் என் சொந்த மூளை!"

"உங்க சொந்த மூளை இப்பதானே நாலுன்னு சொல்லிச்சு மிஸ்டர்?" என்றாள் ரீஹாம்.

வஜீஹ் சட்டைப் பையிலிருந்த போனை அணைத்தார்.

"கேள்வியைப் பார்த்திருந்தா நீங்களும் எங்களை மாதிரி தப்பாத்தான் போட்டிருப்பீங்க. நீங்க திருடின விடையைப் படிக்காமலே அப்படியே ஒட்டியிருக்கீங்க, என்ன போட்டீங்கன்னுகூட ஞாபகமில்லை!"

சக்ரவர்த்தி பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜர் விலங்கை எடுத்தார்.

போன் அடித்தது. ரீஹாமின் அப்பா.

"போலீஸ் வந்துச்சாமே? என்னம்மா ஆச்சு?"

"நான் நிரபராதின்னு நிரூபிச்சாச்சு பாபா."

"எப்படிம்மா?"

"கடைசிக் கேள்விக்கு முட்டை மார்க்."

"அப்ப பரிசு?"

"போச்சு பாபா."

போன் முனையில் ஒரு பெருமூச்சு. "போனா போகுது. தப்பாப் போட்டாலும் நீயாப் போட்டே. அது போதும். அடுத்த வருஷமும் டாக்ஸி ஓடும்."

அவள் கண்ணைத் துடைத்தபோது மறுபடி டிங்! இந்த முறை அவளுடைய போன்.

வாசித்தாள். கத்தினாள்.

"ஏய்! வலமா இடமான்னு அவங்க சொல்லாதது அவங்க தப்பாம்! ரெண்டாவது, நாலாவது, ரெண்டு விடையுமே சரியாம்! நாம மூணு பேரும் முதலிடம்! பரிசு மூணு பேருக்கும் உண்டாம்!"

மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் கீழே கொஷரி கடைக்காரர் கூரையைத் தட்டினார்.

வஜீஹைத் தள்ளிக்கொண்டு போன மேஜர், வாசலில் தயங்கித் திரும்பினார்.

"ஏம்மா... என் பையனுக்குக் கெமிஸ்ட்ரி சுத்தமா வராது. இந்த சென்டர்ல ஒரு இடம் கிடைக்குமா?"

ரீஹாம் சிரித்தாள்.

"மாணவர் இடமெல்லாம் ஃபுல் பாஷா... வாத்தியார் இடம் வேணா ஒண்ணு காலியாயிருக்கு!"