அளக்காத கை

"ஐயோ... பெரியம்மா!"

அலறல் கேட்டு நர்ஸ் அமலி பெண்கள் வார்டுக்குள் ஓடினாள்.

நேற்று மயக்கத்தில் கொண்டுவந்து சேர்த்த, மிராசுதார் இராஜாங்கத்தின் பெரியம்மா நீலாம்பாள் கட்டிலில் துவண்டு கிடந்தாள். டாக்டர் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலியான சர்க்கரைப் பொங்கல் தூக்கு.

"விஷம்!" இராஜாங்கம் கத்தினார். "வெச்சவ இந்த வேம்பு! செங்கொடிக் கும்பல் சார்! கூலித் தகராறுல கறுவிக்கிட்டே இருந்தா!"

கட்டிலோரம் நின்ற, பண்ணையில் மாடு பார்க்கும் வேம்பு பின்வாங்கினாள். மிராசுதாருடன் வந்திருந்த இன்ஸ்பெக்டர் அடைக்கலசாமி விலங்கை எடுத்தார்.

அமலி பையிலிருந்த நாடாவை எடுத்தாள்.

வார்டில் சேரும் எல்லோருக்கும் மேற்கையை நாடாவால் அளக்க வேண்டும், டாக்டர் கட்டளை. சிவப்புக் கோட்டுக்குள் அடங்கினால் பட்டினி உடம்பு. நீர்க்கஞ்சியில்தான் ஆரம்பிக்கணும். திடீரென்று வயிறு முட்டத் தின்றால்... உயிருக்கே ஆபத்து!

எல்லாக் கைகளையும் அளந்தாள். இந்தக் கையைத் தவிர!

இப்போது அந்தக் கையைத் தூக்கினாள். தங்க வளையல் முழங்கையைத் தாண்டி வழுக்கியது. நாடா சிவப்புக்குள் சுருண்டது.

"விஷமில்ல சார்... பட்டினி. பொங்கல்தான் தாக்கியிருக்கு. நான் அளந்திருந்தா அதை உள்ளயே விட்டிருக்க மாட்டேன்."

"ஏன் அளக்கல?" டாக்டர் உறுமினார்.

"பட்டுப்புடவையப் பார்த்தேன் டாக்டர்... பண்ணை வீட்டுல பட்டினியான்னு..."

"எங்க கைய மட்டும் இழுத்து இழுத்து அளப்பியே அமலி!" என்றாள் வேம்பு. "நீயும் நம்ம தெருப் பொண்ணுதானே?"

அமலியின் தலை தொங்கியது.

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர். வேம்பக்காவ விட்டுடச் சொல்லுங்க."

"பொய்!" இராஜாங்கம் பாய்ந்தார். "இவ ஜன்னல் வழியா கஞ்சி நீட்டினத என் காரியக்காரனே பார்த்தான்!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"ஜன்னல் வழியாவா? ஏன் மிராசு... கதவுக்கு என்ன ஆச்சு?"



"பூட்டிட்டான்..."

முனகியது நீலாம்பாள்!

"குடிசை போட்டவங்களுக்கே என் மனையை எழுதி வைக்கறேன்னேன். எனக்கு எழுதிக் கையெழுத்துப் போடு, அப்பதான் சோறுன்னான். வேம்பு கஞ்சியிலதான் உசிரு நின்னுச்சு. ஊர் பார்க்க இங்க வந்து பொங்கல் ஊட்டுறான்!"

அமலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கம்மா... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"பண்ணை வீட்டுக்காரி... பசிக்குதுன்னு எந்த வாயால சொல்லுவேண்டி?"

விலங்கு மிராசுதாரின் கைக்கு மாறியது.

"வாங்க மிராசு," என்றார் அடைக்கலசாமி. "நம்ம லாக்கப்புல கையெழுத்துப் போடாமலே சோறு உண்டு!"