ஆளுக்கொரு மறைவெண்

முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. அந்த எண்ணை எழுதிய தாளை லோகேஸ்வரி மேசைமேல் வைத்தாள். சூலியா தெரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடி அது. கீழிருந்து மீன்குழம்பு வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னாள் சுங்க அதிகாரியும் இந்நாள் துப்பறிவாளருமான ஷேக் அலாவுதீன் தாளைத் தொடாமலே படித்தார். அவருடைய உதவியாளர் புஷ்பவள்ளி, ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை, பாய்ந்து எடுத்துக்கொண்டார்.

"யாரோ எங்க ஆராய்ச்சி முடிவுன்னு இத வெளிநாட்டுப் போட்டிக் குழுவுக்குப் பேரில்லாம அனுப்பிட்டாங்க அண்ணே. அங்க தலைவர் நல்ல மனுஷன், எங்க கமிட்டிக்கே தகவல் சொல்லிட்டாரு. கமிட்டி என்னத்தான் சந்தேகப்படுது. இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள ஆளக் காட்டலன்னா என் பேரு, மூணு வருஷ வேல, எல்லாம் போச்சுலா" என்றாள் லோகேஸ்வரி.

"என்ன ஆராய்ச்சிம்மா?" என்றார் அலாவுதீன்.

பாட்டம் குவார்க் என்ற நுண்துகள் எவ்வளவு எளிதில் சார்ம் குவார்க் என்ற வேறொரு நுண்துகளாக மாறுகிறது என்பதை, துகள்கள் சிதைவதை அளந்து ஓர் எண்ணாகப் பிடிக்கும் ஆராய்ச்சி. லோகேஸ்வரி, அவள் கணவன் யுகேந்திரன், நண்பன் இர்வான் என்று மூவர் தனித்தனியே கணக்கிட்டார்கள். விடை முன்கூட்டியே தெரிந்தால் மனசு தனக்குப் பிடித்த பக்கம் சாயுமல்லவா? அதனால் கணினி உண்மை விடையோடு ஒரு மறைவெண்ணைச் சேர்த்தே திரையில் காட்டும். கடைசி நாளில்தான் அதைக் கழிக்கலாம். அதுவரை தன் திரையில் இருப்பதை ஒருவர் மற்றவரிடம் சொல்லக்கூடாது.

"மறைவெண் எங்க?"

"எங்க வீட்டு அலமாரியில, ஒட்டின உறையில. நேத்துப் பழி வந்தப்புறந்தான் பிரிச்சேன், ரெண்டு புள்ளி மூணு. கணினியில மறைவெண் போட ஏற்பாடு செஞ்சது நான்தான், அதான் பழி என்மேல."

"ஆவியில காட்டினா எந்த உறையும் வாயத் திறக்கும்" என்றார் புஷ்பவள்ளி. "இர்வான் உங்க வீட்டுக்கு வருவாரா?"

"வெள்ளிக்கிழமை சாப்பிட வருவாரு, டீச்சர்."

"அப்ப அவருதான் அண்ணே!"

அலாவுதீன் அவசரப்படவில்லை. "மூணு பேருக்கும் ஒரே மறைவெண்ணாம்மா?"

லோகேஸ்வரி தயங்கினாள். "இல்ல. இந்தத் தடவ ஆளுக்கொண்ணு. உறையில இருக்கறது என்னோடது மட்டும். கட்டினவர்கிட்டகூட இத நான் சொல்லல."

"மூணு பேரும் அவங்கவங்க திரையில வந்த கடைசி எண்ணு இருக்கற தாளோட வாங்க."

நண்பகலில் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். யுகேந்திரன் மனைவியின் தோளைத் தட்டி, "பயப்படாத லோகா" என்றான். அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அலாவுதீன் தாள்களை வாங்கினார். "இந்தம்மா திரையில நாப்பத்து மூணு புள்ளி அஞ்சு. மறைவெண்ணக் கழிச்சா நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. இவங்க திருடியிருந்தா அதத்தான் அனுப்பியிருப்பாங்க. போனதோ முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. அதோட ரெண்டு புள்ளி மூணத் திருப்பிச் சேர்த்தா?"

"நாப்பது புள்ளி அஞ்சு!" என்றார் புஷ்பவள்ளி.

"எல்லாருக்கும் ஒரே மறைவெண்ணுன்னு நெனச்சு, இந்தம்மாவோட எண்ண எடுத்துத் தன் விடையில கழிச்சிருக்காரு ஒருத்தரு. இர்வான் தாள்ல நாப்பத்து ரெண்டு புள்ளி ஏழு. நாப்பது புள்ளி அஞ்சு இருக்கறது..."

"ஆளுக்கொரு நம்பர்னு ஏன் என்கிட்ட சொல்லல?" யுகேந்திரன் மனைவியைப் பார்த்துச் சீறினான், அவள்தான் அவனை ஏமாற்றிவிட்டதுபோல. பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது. "அங்க ஒரு வேல கெடைக்கும்னு... நம்ம ரெண்டு பேருக்காகத்தான் லோகா."

வேலியே பயிரை மேய்ந்திருந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"நேத்து கமிட்டியில என் பேரச் சொன்னப்ப, என் கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே. அப்ப வாயத் தொறக்க மனசு வரலையா?"

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான்.

அவள் எழுந்தாள். "கமிட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, கட்டினவனக் காட்டிக்குடுத்தவள்னு பேரு வரும். காட்டிக்குடுத்தது நான் இல்ல."